சிகாகோவின் களிமண்ணும் நியூயார்க்கின் நிழலும்

2013ஆம் ஆண்டு நவம்பரில், உலகின் உயரமான கட்டடங்களை அளந்து வரிசைப்படுத்தும் சர்வதேச மன்றம் ஒரு வழக்கை விசாரிப்பது போலவே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. நியூயார்க்கில் எழுந்துகொண்டிருந்த ஒன் வேர்ல்டு டிரேடு சென்டரின் உச்சியில் நிற்கும் கம்பம், கட்டடத்தின் வடிவமைப்போடு சேர்ந்த கூர்முடியா, அல்லது வெறும் ஆன்டெனாவா என்பதே அந்தக் கேள்வி. கூர்முடி என்றால் கட்டடத்தின் உயரம் 541 மீட்டர். ஆன்டெனா என்றால் கூரை வரையிலான 417 மீட்டர்தான் கணக்கு. சிகாகோவின் வில்லிஸ் டவர் கூரை வரையிலேயே 442 மீட்டர் உயரம் கொண்டது. மன்றத்தின் தலைமையகம் சிகாகோவில்தான் இருக்கிறது. ஆனாலும் அது கம்பத்தைக் கூர்முடி என்றே ஏற்றுக்கொண்டதால், ஏறக்குறைய 40 ஆண்டுகளாகச் சிகாகோவிடம் இருந்த "அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம்" என்ற பட்டம் நியூயார்க்கிற்குப் போனது.

இந்த இரு நகரங்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மீட்டர் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். தொலைவில் நின்று பார்க்கும்போது கட்டடங்கள் வானத்தின் மீது வரையும் அந்தக் கோடு இரு ஊர்களிலும் ஏன் வேறு வேறு வடிவம் பெற்றது என்பது அதைவிடச் சுவையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கான விடையின் பெரும்பகுதி மண்ணிலும் சட்டத்திலும் காற்றிலும் இருக்கிறது.

மண்ணிலிருந்தே தொடங்கலாம். சிகாகோவின் மையப்பகுதி, மிச்சிகன் ஏரியின் கரையில், நீர் கோத்த களிமண்ணின் மீது அமைந்திருக்கிறது. அதன் அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையைத் தொட வேண்டுமென்றால் சுமார் 30 மீட்டர் ஆழம் போக வேண்டும். களிமண்ணின் மீது பாரத்தை ஏற்றினால் அது உடனே இடிந்துவிடுவதில்லை; அதன் நுண்துளைகளில் உள்ள நீர், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்லக் கசிந்து வெளியேற, மண் இறுகிக்கொண்டே வரும், கட்டடமும் அதோடு இறங்கிக்கொண்டே போகும். எல்லா மூலைகளும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய ஆபத்து இல்லை. ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் சுவர் பிளக்கும். இதைப் புரிந்துகொண்ட பிரெடெரிக் பௌமன் என்ற சிகாகோ கட்டடக் கலைஞர், 1871இல் நகரை எரித்த பெருந்தீக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1873இல் ஒரு முறையை முன்வைத்தார். ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி அஸ்திவாரம் அமைத்து, அந்தத் தூண் சுமக்கும் பாரத்துக்கு ஏற்ற விகிதத்தில் அதன் பரப்பை நிர்ணயிக்க வேண்டும். அப்போது மண்ணின் மீது விழும் அழுத்தம் எங்கும் சமமாக இருக்கும், கட்டடமும் சமமாக இறங்கும்.

கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பாரம் கணித்தபடி இருந்தால்தான் அது பலிக்கும். 1889இல் நிறைவடைந்த ஆடிட்டோரியம் கட்டடத்தில் ஒரு கனத்த கோபுரமும் அதை ஒட்டித் தாழ்வான பகுதிகளும் இருந்தன. கோபுரம் பின்னர் இறங்கக்கூடாது என்பதற்காக, கட்டும்போதே அதன் மீது இரும்புப் பாளங்களையும் செங்கல்லையும் அடுக்கி, பிற்காலத்தில் வரப்போகும் பாரத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்தார் அதன் கட்டடக் கலைஞர் டாங்க்மர் ஆட்லர். ஆனால் அஸ்திவாரம் போட்ட பிறகு வெளிச்சுவரைச் செங்கல்லிலிருந்து கல்லாக மாற்றியதால் சுவர்களின் எடை கூடிவிட்டது. கட்டடம் அரை மீட்டருக்கும் மேல் இறங்கியது. இடத்துக்கு இடம் இறங்கிய அளவு வேறுபட்டதால், தளத்தில் நடக்கும்போதே சரிவு காலுக்குத் தெரியும் நிலை ஏற்பட்டது.

இந்தக் களிமண்தான் சிகாகோவை எடை குறைந்த கட்டடத்தைத் தேட வைத்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டியர்பார்ன் தெருவில் இருக்கும் மொனாட்னாக் கட்டடத்துக்குப் போக வேண்டும். 1891இல் முடிந்த அதன் வடபாதியில் பாரத்தைச் செங்கல் வெளிச்சுவர் தாங்குகிறது. 16 தளங்களின் எடை கீழ்த்தளச் சுவரில் வந்து சேர்வதால், அங்கே சுவரின் கனம் 1.8 மீட்டர். ஒரு ஆள் படுத்தால் தலை முதல் கால் வரை சுவருக்குள் அடங்கிவிடும் அளவு. சன்னல்கள் அந்தக் கனத்துக்குள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. வாடகைக்கு விட வேண்டிய தரைப்பரப்பைச் சுவரே விழுங்கியிருக்கிறது. காலப்போக்கில் அந்தப் பாதி சுமார் 50 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கியதால், தெருவிலிருந்து உள்ளே நுழைய இறங்கிப் போக வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1893இல் அதோடு ஒட்டிக் கட்டிய தென்பாதியில் பாரத்தை எஃகுச் சட்டகம் தாங்குகிறது. சுவர் வெறும் போர்வை மட்டுமே. ஒரே கட்டடத்தின் இரு பாதிகளில் ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சுவர் சுமையைத் தாங்க வேண்டாம் என்றானதும் அதை அகலமாகத் திறந்து கண்ணாடி பதிக்கலாம் என்ற வழியும் பிறந்தது. சிகாகோவின் அகன்ற சன்னல்கள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல.

அடுத்த படி, களிமண்ணைக் கடந்து கீழே போவது. 1890களில் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு ஒரு பக்கத்தில் செய்தித்தாள் அச்சகம் இருந்தது. மரக்கம்பங்களை அடித்து இறக்கினால் அந்த அதிர்வில் அச்சு இயந்திரங்கள் நிலை பிசகும் என்பதால், அந்தப் பக்கம் மட்டும் ஆட்கள் கையால் வட்டமான குழிகளைத் தோண்டி, மண் சரியாமல் மரப்பலகைகளையும் இரும்பு வளையங்களையும் வைத்துத் தடுத்து, கெட்டியான அடிமண் வரை சென்று கான்கிரீட்டை நிரப்பினார்கள். உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. சிகாகோவின் பிற்கால உயரங்கள் பலவும் இத்தகைய தூண்களின் மீதே நிற்கின்றன.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் மண்ணின் கதையே வேறு. சென்ட்ரல் பூங்காவில் நடக்கும்போது கரும்பாறை தரைக்கு மேலே தலைகாட்டுவதைக் காணலாம். சிஸ்ட் என்ற அந்த உருமாறிய பாறை தீவின் நடுப்பகுதியில் மேலாகவும் வேறு சில இடங்களில் மிக ஆழமாகவும் கிடக்கிறது. தீவின் தென்முனையிலும் நடுப்பகுதியிலும் மட்டும் உயரமான கட்டடங்கள் குவிந்து, இடையில் பள்ளம் விழுந்தது போலத் தெரிவதற்குப் பாறையின் ஆழமே காரணம் என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். ஜேசன் பார் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் 1890 முதல் 1915 வரையிலான கட்டடங்களை ஆராய்ந்து, அந்த விளக்கம் பெரும்பாலும் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். பாறை மிக ஆழத்தில் கிடக்கும் நகர மன்றப் பகுதியிலேயே அக்கால உயரக் கட்டடங்கள் பல எழுந்திருக்கின்றன. 1913இல் 241 மீட்டர் உயரத்துக்கு எழுந்த வூல்வொர்த் கட்டடம் அதற்குச் சான்று. நிலத்தின் விலை உயரும் இடத்தில், ஆழமான அஸ்திவாரத்தின் கூடுதல் செலவைக் கட்டுகிறவர்கள் பொருட்படுத்துவதில்லை. இரு உயரக் குவியல்களுக்கும் இடையில் கிடந்தவை குடியிருப்புகளும் சிறு பட்டறைகளும். அங்கே உயரக் கட்டடத்தை யாரும் கேட்கவில்லை.

நியூயார்க்கின் வடிவத்தைத் தீர்மானித்த பெரும் சக்தி சட்டம். 1915இல் பிராட்வேயில் எழுந்த 38 தள ஈக்விட்டபிள் கட்டடம், ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையை விளிம்பு வரை நிரப்பி நேராக மேலே போனது. அதன் நிழல் சுமார் 7 ஏக்கர் பரப்பின் மீது விழுந்தது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு வெயிலும் காற்றும் மறைந்தன. மறு ஆண்டே நகரம் ஒரு விதி கொண்டுவந்தது: தெருவின் அகலத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நேராக எழலாம், அதற்கு மேல் படிப்படியாக உள்ளே ஒதுங்க வேண்டும், மனையின் கால் பங்குப் பரப்புக்கு மட்டும் உயர வரம்பு கிடையாது. கோபுரத்தின் நிலைகள் போலக் குறுகிச் சென்று, நடுவில் மட்டும் ஊசியாக நீளும் நியூயார்க்கின் புகழ்பெற்ற வடிவம் இந்த வாசகத்திலிருந்து வந்தது. 1930இன் கிரைஸ்லரும் 1931இன் எம்பயர் ஸ்டேட்டும் இதன் பிள்ளைகள்.

சிகாகோவோ 1893இலேயே கட்டட உயரத்தை 130 அடியாக, அதாவது சுமார் 40 மீட்டராகக் கட்டுப்படுத்திவிட்டது. பின்னர் அந்த வரம்பை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். 1923இல் கோபுரங்களை அனுமதித்தபோதும் அவற்றின் கனஅளவுக்கு எல்லை வைத்தார்கள். எஃகுச் சட்டகத்தை வளர்த்தெடுத்த ஊர், அதைக் கொண்டு மேலே ஏறும் போட்டியில் பல பத்தாண்டுகள் பின்தங்கியதற்கு முக்கியக் காரணம் இந்த வரம்புகளே.

சிகாகோ மீண்டும் முன்னே வந்தது காற்றை வென்றதால். கட்டடத்தின் எடை உயரத்தோடு நேர்விகிதத்தில்தான் கூடும். ஆனால் ஒரே அகலத்தில் உயரத்தை இரு மடங்காக்கினால், சீரான காற்று அதைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை 4 மடங்கும் உச்சி வளையும் தூரம் 16 மடங்கும் ஆகும். அதைத் தடுக்க உள்ளே எஃகைக் கொட்டிக்கொண்டே போவது பழைய வழி. டாக்காவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய பொறியாளர் பஸ்லூர் ரஹ்மான் கான் மூங்கிலின் வழியைத் தேர்ந்தார் எனலாம். மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருந்தும் வளையாமல் நிற்பதற்குக் காரணம், அதன் பொருள் முழுவதும் நடு அச்சிலிருந்து விலகி விளிம்பில் இருப்பது; விலகும் தூரம் இரு மடங்கானால் அதே பொருள் தரும் விறைப்பு 4 மடங்காகும். ஆகவே தூண்களை நடுவிலிருந்து எடுத்து வெளிச்சுற்றில் நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாக்கினார். 344 மீட்டர் உயரமுள்ள ஜான் ஹான்காக் கட்டடத்தின் முகப்பில் தெரியும் பெரிய பெருக்கல் குறிகள் அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள். அவை சில வீடுகளின் சன்னலைக் குறுக்கே மறைத்துச் செல்கின்றன. எம்பயர் ஸ்டேட்டில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு; ஹான்காக்கில் சுமார் 145 கிலோ.

1974இல் முடிந்த சியர்ஸ் டவரில் (இன்றைய வில்லிஸ் டவரில்) கான் ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்தார். இரண்டு 50ஆம் தளத்திலும், இரண்டு 66ஆம் தளத்திலும், மூன்று 90ஆம் தளத்திலும் நின்றுவிட, மீதி இரண்டு உச்சி வரை போகின்றன. நியூயார்க்கில் சட்டம் செதுக்கிய படிகளைப் போலவே இவை தொலைவிலிருந்து தெரிந்தாலும், இங்கே படிகளை உண்டாக்கியது பொறியியல் கணக்கும் தளங்களின் தேவையும்தான். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு இரு நகரங்களின் படங்களையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு கட்டடமும் வேறாகத் தெரியும்.

இன்று நியூயார்க்கின் 57ஆம் தெருவில் பென்சில் போன்ற கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. பக்கத்து மனைகளின் பயன்படுத்தாத கட்டட உரிமையை விலைக்கு வாங்கிச் சேர்த்துச் சிறு மனையில் பெரும் உயரம் எழுப்ப அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. 435 மீட்டர் உயரமுள்ள ஸ்டைன்வே டவரின் அகலம் சுமார் 18 மீட்டர்தான். இவ்வளவு ஒல்லியான கட்டடத்தின் பக்கங்களில் மோதும் காற்று இருபுறமும் மாறி மாறிச் சுழல்களாகக் கழன்று செல்லும். அந்தச் சுழல்களின் தாளம் கட்டடத்தின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். 2015இல் முடிந்த 432 பார்க் அவென்யூவில் 12 தளங்களுக்கு ஒரு முறை இரண்டு தளங்களைத் திறந்தவெளியாக விட்டு அந்தச் சுழல்களைக் குலைத்தார்கள். சில ஆண்டுகளில் சிகாகோவில் ஜீன் கேங் வடிவமைத்த 363 மீட்டர் செயின்ட் ரீஜிஸ் எழுந்தபோது, அதிலும் 83ஆம் தளத்தைச் சன்னல் இல்லாமல், ஆள் குடியேறாமல், காற்று புகுந்து போவதற்காகவே விட்டுவைத்தார்கள்.