என்.எஃப்.எல். ஊக்கமருந்து விதி: யாரைச் சோதிக்கிறார்கள், சந்தேகம் எப்போது தண்டனையாகிறது?

2022 மே மாதம், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல், அரிசோனா கார்டினல்ஸ் அணியின் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு ஆறு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. ஊக்கமருந்துக் கொள்கையை மீறியதற்காக, சம்பளமில்லாத தடை. லீக்கின் அறிவிப்பு அவ்வளவோடு முடிந்தது. என்ன மருந்து, எவ்வளவு, எப்படி உடலுக்குள் போனது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. தசையை வளர்க்கும் ஆஸ்டரின் என்ற பொருளின் மிகச் சிறிய தடயம் கிடைத்தது என்றும், தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றும் பிறகு சொன்னவர் ஹாப்கின்ஸ்தான். நம்பியவர்கள் நம்பினார்கள், நம்பாதவர்கள் கதை கட்டினார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. நூற்று நாற்பது கிலோ எடையுள்ள ஒருவர் நாற்பது கஜத்தை ஐந்து வினாடி அளவில் ஓடிக் கடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு ‘இது வெறும் உடற்பயிற்சியா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்கும் இடத்துக்கு நாம் மிக விரைவாகப் போய்விடுகிறோம். விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால், எந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, எது வெறும் வாய்ப்பேச்சு என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

விதி யாருடையது?

இது அரசுச் சட்டம் அல்ல. லீக் நிர்வாகமும் வீரர்கள் சங்கமும் பேரம் பேசிக் கையெழுத்திட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. எத்தனை சோதனை, எந்த நாளில், என்ன தண்டனை என்ற ஒவ்வொன்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. அதனால்தான் இதில் வீரரின் உரிமைகள் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் சில ஓட்டைகளும் இருக்கின்றன.

கஞ்சா, கொக்கேன் போன்ற போதைப்பொருள்களுக்குத் தனிக் கொள்கை உண்டு. 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு கஞ்சா சோதனையில் சிக்கினாலே ஆட்டத் தடை என்ற நிலை மாறிவிட்டது. ‘மருந்து விவகாரம்’ என்று செய்தியில் படிக்கும்போது அது எந்தக் கொள்கையைச் சேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் கஞ்சாவும் ஒரே குற்றம்போல் எழுதப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அது வீரருக்கு இழைக்கும் அநியாயம்.

ஸ்டீராய்டின் கதை இந்த ஆட்டத்தில் பழையது. 1963-இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் பயிற்சி முகாமில் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வீரர்களுக்கு வழங்கப்பட்டது. அப்போது தனி லீக்காக இருந்த ஏ.எஃப்.எல்.-இன் கோப்பையை அந்த ஆண்டு வென்றவர்கள் அவர்கள்தான். என்.எஃப்.எல். சோதனையைத் தொடங்கியது 1987-இல். தடை விதிப்பது 1989-இல், ஆண்டு முழுவதும் முன்னறிவிப்பில்லாச் சோதனை 1990-இல் வந்தன. 1991-இல் லைல் அல்சாடோ என்ற முன்னாள் வீரர், பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு பயன்படுத்தியதையும் அதைப் பற்றிப் பொய் சொன்னதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே மூளையில் வந்த புற்றுநோயால் 43 வயதில் இறந்தார். தன் நோய்க்கு ஸ்டீராய்டுதான் காரணம் என்று அவர் நம்பினார். மருத்துவம் அந்தத் தொடர்பை நிறுவவில்லை. ஆனாலும் அந்த வாக்குமூலம் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்துவிட்டது.

யாரை, எப்போது சோதிப்பார்கள்?

எல்லா வீரர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு. அது போக, போட்டிக் காலத்தில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் அணியிலிருந்தும் பத்து பேரைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். போட்டி இல்லாத மாதங்களில் ஒரு வீரரை ஆறு முறை வரை அழைக்கலாம். அவர் ஊரில் இருந்தாலும் விடுமுறையில் இருந்தாலும் மாதிரி எடுப்பவர் தேடி வருவார். அவர் கண்முன்னேதான் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

‘கனமான எடையைத் தூக்கும் படத்தை நேற்றுப் போட்டேன், இன்று காலை சோதனைக்கு அழைத்துவிட்டார்கள்’ என்று வீரர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். குலுக்கல் என்பதை நம் மனம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. முக்கிய அணியில் 53 பேர், பயிற்சி அணியில் 16 பேர், ஆக 69 பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பத்து பேர் என்றால் ஒருவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. பதினெட்டு வாரங்களில் நூற்றுக்கு ஆறு பேர் ஒருமுறைகூட அழைக்கப்பட மாட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ பதினொரு பேர் ஐந்து முறையோ அதற்கு மேலோ அழைக்கப்படுவார்கள். யாரும் யாரையும் குறிவைக்காமலேயே இப்படித்தான் நடக்கும்.

2018-இல் கரோலைனா பாந்தர்ஸ் அணியில் சேர்ந்த எரிக் ரீட், தன்னை வேண்டுமென்றே அடிக்கடி சோதிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். இனப் பாகுபாட்டை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்டவர் அவர், லீக் மீது புகாரும் கொடுத்திருந்தவர். ஆகவே அவருடைய சந்தேகத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விசாரணை நடந்தது. தேர்வு குலுக்கல் முறையிலேயே நடந்திருக்கிறது, குறிவைத்ததற்குச் சான்று இல்லை என்று லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்தே அறிவித்தன.

ஆய்வகத்தில் நடப்பது

கொடுத்த சிறுநீர் ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் முத்திரையிடப்பட்டுப் போகும். ஏ புட்டியில் தடை செய்த பொருள் இருந்தால், வீரர் பி புட்டியையும் சோதிக்கச் சொல்லலாம். உடலே சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றியதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அதனால் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு பொருளோடு அதன் விகிதத்தைப் பார்க்கிறார்கள். முன்பு ஆறுக்கு ஒன்று என்பது எல்லை. 2005-இல் அது நான்குக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

மனித வளர்ச்சி ஹார்மோனுக்குச் சிறுநீர் போதாது, இரத்தம் வேண்டும். 2011 ஒப்பந்தத்திலேயே கொள்கையளவில் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ‘பொதுமக்களை வைத்து வகுத்த அளவுகோல் எங்கள் உடல்வாகுக்குப் பொருந்துமா?’ என்று வீரர்கள் சங்கம் கேட்க, மூன்று ஆண்டுகள் இழுபறியிலேயே போயின. சோதனை தொடங்கியது 2014 அக்டோபரில்தான். அப்போது வகுத்தபடி வாரத்துக்கு எட்டு அணிகள், அணிக்கு ஐந்து பேர். ஆட்ட நாளில் கிடையாது. ஹார்மோன் உடலில் ஏறிய தடயம் ஓரிரு நாளில் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகத்துக்கு நியாயமான இடம் இருக்கிறது என்றால், அது இங்கேதான்.

‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்றால்?

இந்த விதியின் மிகக் கடுமையான பகுதி இது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. எப்படி வந்தது, வேண்டுமென்றே உட்கொண்டாரா என்பது பெரும்பாலும் எடுபடாது.

இதன் கொடுமை 2008-இல் வெளிப்பட்டது. ஸ்டார்கேப்ஸ் என்று ஒரு எடை குறைப்பு மாத்திரை, இயற்கைப் பொருள் என்று கடைகளில் விற்கப்பட்டது. அதற்குள் புமெட்டனைடு என்ற மருந்து கலந்திருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, சிறுநீரை அதிகரிக்கும் மருந்து அது. மேலுறையில் அதன் பெயர் இல்லை. சிறுநீரை நீர்க்கச் செய்து ஸ்டீராய்டை மறைக்க உதவும் என்பதால் இந்த வகை மருந்துகளுக்கே தடை உண்டு. ஆனால் குறிப்பிட்ட எடைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் பருமனான வீரர்கள், எடையைக் குறைக்க இப்படிப்பட்ட மாத்திரைகளை நாடுவது உண்டு. மினசோட்டா வைக்கிங்ஸின் கெவின் வில்லியம்ஸ், பேட் வில்லியம்ஸ் உட்படச் சிலருக்கு நான்கு ஆட்டங்கள் தடை வந்தது.

அவர்கள் ஸ்டீராய்டு எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. அதைவிட மனத்தை உறுத்துவது வேறு: மாத்திரைக்குள் புமெட்டனைடு இருப்பது லீக்கின் சோதனைத் திட்டத்தை நடத்தியவர்களுக்கு 2006-இலேயே தெரிந்திருந்தது. அந்த நிறுவனத்தோடு விளம்பர ஒப்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்தார்கள்; ‘இந்த மாத்திரையில் இந்த மருந்து இருக்கிறது’ என்று வீரர்களிடம் சொல்லவில்லை. வில்லியம்ஸ் இருவரும் மினசோட்டா மாநிலத் தொழிலாளர் சட்டத்தைக் காட்டி வழக்காடினார்கள். கடைசியில் 2011-இல் கெவின் வில்லியம்ஸ் இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். விதியின் எழுத்து வென்றது என்று வேண்டுமானால் சொல்லலாம். தொழிலாளிக்கு ஆபத்து என்று தெரிந்த ஒன்றை அவரிடம் சொல்லாமல் இருந்தது சரி என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இன்று என்.எஸ்.எஃப். அமைப்பு விளையாட்டு வீரர்களுக்கென்று சோதித்துச் சான்றிதழ் தந்த சத்துப்பொருள்கள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் சத்துப்பொருளை விற்பதற்கு முன் அரசு ஒப்புதல் தேவையில்லை. ஆகவே அந்த முத்திரை இல்லாத டப்பாவைத் திறக்கும் வீரர் தன் வேலையைப் பணயம் வைக்கிறார்.

கவனக் குறைபாடு போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் அட்ரால் வேறு வகை. அது ஊக்கி மருந்து, அதாவது நரம்பைத் தூண்டும் ‘ஸ்டிமுலன்ட்’ வகைப் பட்டியலில் வருகிறது. உண்மையான நோய்க்கு உட்கொள்கிறவர் முன்கூட்டியே மருத்துவ விலக்கு பெற்றுக்கொள்ளலாம். மாட்டிய பிறகு மருந்துச் சீட்டைக் காட்டினால் செல்லாது.

தண்டனை

2020 ஒப்பந்தத்தின்படி முதல் மீறலுக்கு, ஊக்கி மருந்து அல்லது சிறுநீர்ப் பெருக்கி என்றால் இரண்டு ஆட்டங்கள், ஸ்டீராய்டு வகை என்றால் ஆறு, சோதனையை ஏமாற்ற முயன்றால் எட்டு. இரண்டாம் முறை தடை இன்னும் நீளும். மூன்றாம் முறை குறைந்தது இரண்டு ஆண்டு. தடைக் காலத்துக்குச் சம்பளம் இல்லை. லீக்கின் முழுப் பருவமே 17 ஆட்டங்கள்தான் என்பதால், ஆறு ஆட்டங்கள் என்பது ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

2006-இல் சார்ஜர்ஸ் அணியின் ஷான் மெரிமன் நான்கு ஆட்டங்கள் தடைக்குப் பிறகும் அதே ஆண்டு புரோ பவுல் கௌரவ ஆட்டத்துக்குத் தேர்வானார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஊக்கமருந்துத் தடை பெற்றவர் அந்த ஆண்டு புரோ பவுலுக்குப் போக முடியாது என்று மறு ஆண்டே விதி வந்தது. பத்திரிகையாளர்கள் தரும் விருது வேறு. 2009-இன் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருதை ஹூஸ்டனின் பிரையன் குஷிங் வென்றார். சோதனையில் அவர் சிக்கியது அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே. தடை அறிவிப்பு வெளிவந்தது 2010 மே மாதத்தில். அசோசியேட்டட் பிரஸ் மறு வாக்கெடுப்பு நடத்தியது. மறுபடியும் குஷிங்கே வென்றார்.

முழுப் பருவம் எப்படி ஆடினார் என்று கேட்கலாம். மேல்முறையீடு முடியும்வரை வீரர் ஆடலாம், அதுவரை முடிவு இரகசியம் என்பதுதான் விதி. ரசிகர்களுக்கு எரிச்சல் தரும் விதி. ஆனால் அது ஏன் தேவை என்பதற்கு இன்னொரு வீரர் இருக்கிறார்.

2012-இல் சியாட்டில் சீஹாக்ஸின் ரிச்சர்ட் ஷெர்மன் சோதனையில் சிக்கியதாகச் செய்தி கசிந்தது. தீர்ப்பு வருமுன்பே ஊர் அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. மேல்முறையீட்டில் வேறொன்று தெரிந்தது: மாதிரி எடுத்த கோப்பை ஒழுகியிருக்கிறது, எடுத்தவர் அதை இன்னொரு கோப்பையில் ஊற்றியிருக்கிறார். முத்திரையும் கைமாற்றமும் விதிப்படி இல்லை. டிசம்பர் இறுதியில் தடை ரத்தானது. ஷெர்மன் வென்றது ‘நுணுக்கத்தால்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. கோப்பையில் இருப்பது யாருடைய சிறுநீர், அதில் வேறெதுவும் கலக்கவில்லையா என்ற உறுதியே அந்த நுணுக்கம். அது இல்லாவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை.

அன்று மேல்முறையீட்டைக் கேட்பவரை லீக் தலைவரே நியமித்தார். 2014 முதல் லீக்கும் சங்கமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் கேட்கிறார்கள்.

சோதனையில் சிக்காமல் சந்தேகம் மட்டும் வந்தால்?

சிறுநீரில் எதுவும் கிடைக்காவிட்டாலும், நம்பத்தகுந்த சான்று இருந்தால் லீக் நடவடிக்கை எடுக்கலாம். இந்த வழி தேவைதான். 2003-இல் வெளிவந்த, கலிஃபோர்னியாவின் பால்கோ ஆய்வகம் வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த விவகாரத்தில், அன்றைய சோதனைகளுக்குப் பிடிபடாமல் இருக்கவே உருவாக்கிய டி.எச்.ஜி. என்ற ஸ்டீராய்டு ஓக்லண்ட் ரெய்டர்ஸ் வீரர்கள் சிலரின் மாதிரிகளிலும் இருந்தது. கரோலைனா பாந்தர்ஸ் வீரர்கள் சிலருக்கு தென் கரோலைனா மருத்துவர் ஜேம்ஸ் ஷார்ட் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்த கதையும் மருத்துவர் மீதான விசாரணையால்தான் வெளியே வந்தது. 2006-இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

எவ்வளவு சான்று போதும் என்பதில்தான் சண்டை. 2015 டிசம்பரில் அல் ஜசீரா ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. புகழ்பெற்ற வீரர் பெய்ட்டன் மேனிங்கின் மனைவிக்கு வளர்ச்சி ஹார்மோன் அனுப்பப்பட்டது என்றும், வேறு சில வீரர்களும் தடைசெய்த பொருள்களைப் பெற்றனர் என்றும் அதில் ஒருவர் சொன்னார். ஒளிபரப்பாவதற்கு முன்பே சொன்னதைத் திரும்பப் பெற்றார். லீக் விசாரித்து, நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2016 ஜூலையில் மேனிங்கை விடுவித்தது. அதே படத்தில் பெயர் அடிபட்ட ஜேம்ஸ் ஹாரிசன், கிளே மேத்யூஸ், ஜூலியஸ் பெப்பர்ஸ் மூவரும் விசாரணைக்கு நேரில் வர மறுத்தார்கள். திரும்பப் பெற்ற ஒரு பேச்சை வைத்துத் தொழிலாளியைக் கூண்டில் ஏற்ற முடியாது என்றது சங்கம். ஆகஸ்ட் 25-க்குள் பதில் சொல்லாவிட்டால் காலவரையற்ற தடை என்றது லீக். வந்தார்கள், பதில் சொன்னார்கள். அம்மாத இறுதியில் மூவர் மீதும் ஒன்றும் இல்லை என்று லீக்கே அறிவித்தது. அவர்கள் பெயரைத் தேடினால் இன்றும் அந்தக் குற்றச்சாட்டு முன்னே வந்து நிற்கிறது.

என்.எஃப்.எல். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதியை ஏற்றுக் கையெழுத்திட்ட அமைப்பு அல்ல. வாடா விதியில் வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்தவருக்கு முதல் முறையே நான்கு ஆண்டு தடை வரலாம்; இங்கே ஆறு ஆட்டங்கள். இந்த இரண்டு உலகங்களும் 2028-இல் லாஸ் ஏஞ்சலஸில் சந்திக்கின்றன. எதிராளியை வீழ்த்தாமல் அவர் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கும் கொடிக் கால்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தங்கள் வீரர்கள் அதில் ஆட அணி உரிமையாளர்கள் 2025 மே மாதம் அனுமதி தந்துவிட்டார்கள். அங்கே ஆடப் போகும் என்.எஃப்.எல். வீரர், தன் சங்கம் பேரம் பேசி வாங்கிய விதியோடு ஒலிம்பிக் விதிக்கும் உட்பட வேண்டும். இங்கே வாங்கிய மருத்துவ விலக்கு அங்கே தானாகச் செல்லாது.