ஸ்டீரியோடைப் என்றால் 'ஒரே மாதிரி' அல்ல

'போரைக் கேலி செய்யும் அங்கத நாவல்களில் பெண்கள் ஒரே மாதிரியாகச் சித்தரிக்கப்படுகிறார்கள்.' இந்த வாக்கியத்தை எத்தனையாவது முறையாகப் படிக்கிறேன் என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஸ்டீரியோடைப் என்று எங்கே கண்டாலும் மொழிபெயர்ப்பவர் கை தானாக 'ஒரே மாதிரியான' என்று எழுதிவிடுகிறது. கணினி மொழிபெயர்ப்பும் அதையே தருகிறது, ஆகவே இப்போது அதுவே வழக்கு!

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' திடமானது, 'டைப்போஸ்' பதிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சகத்தார் இரண்டையும் சேர்த்தார்கள். எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கத்தின் மேல் அச்சு எடுத்து, அதில் ஈயக் கலவையை வார்த்தால் முழுப் பக்கமும் ஒரே தகடாகிவிடும். அப்புறம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, எத்தனை படி வேண்டுமானாலும் அடிக்கலாம். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மேன் இதை மனத்துக்குக் கொண்டுவந்தார்: பார்ப்பதற்கு முன்பே நம் தலைக்குள் இருக்கும் படம்.

சரி, 'ஒரே மாதிரி' என்பதில் என்ன தப்பு? இரண்டாம் உலகப் போரைக் கேலி செய்யும் கேட்ச்-22 நாவலை எடுத்துக்கொள்ளுங்கள் (1961, ஜோசப் ஹெல்லர்). அதில் வரும் பெண்கள் ஒரே மாதிரியா? மருத்துவமனைச் செவிலி டக்கெட் ஒரு விதம். ஜெனரல் டிரீடில் போகுமிடமெல்லாம் கூட்டிப் போகும் செவிலி இன்னொரு விதம். அழகாக நிற்பதே அவள் வேலை. ரோமில் இருக்கும் விலைமகள் முற்றிலும் வேறு. அவளுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது, 'நேட்லியின் வேசி' மட்டும்தான். அவளைக் காதலித்த இளம் படைவீரன் நேட்லி இறந்த செய்தியைக் கொண்டுவந்த பாவத்துக்கு, கதாநாயகன் யோசாரியனைக் கொல்லத் துரத்துகிறாள். கடைசி வரிகளில்கூடக் கத்தியோடு கதவுக்கு வெளியே நிற்கிறாள். அப்போதும் அவள் நேட்லியின் வேசிதான்.

இவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஒவ்வொருத்தியும் ஏற்கெனவே தயாராக இருந்த ஓர் அச்சில் ஊற்றப்பட்டவள். குறை அச்சில் இருக்கிறது, ஒற்றுமையில் இல்லை. 'ஒரே மாதிரி' என்று எழுதியவுடன் குற்றச்சாட்டே இடம் மாறி, 'கதையில் பலவகைப் பெண்கள் இல்லை' என்ற புகாராகிவிடுகிறது. பல வகையும்தான் இருக்கிறார்களே!

'வார்ப்புரு' என்று எழுதுபவர்களும் உண்டு. பக்கத்தில் வந்துவிட்டார்கள், ஆனால் அந்தச் சொல் டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது. விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்றால் நாம் நிரப்ப வேண்டிய சட்டகம், அதில் காலியிடம் இருக்கும். ஸ்டீரியோடைப்பில் காலியிடமே இல்லை, அதுதான் அதன் கோளாறு. 'படிமம்' கவிதைக்காரர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும். 'முன்முடிவு' மனநிலையைச் சொல்கிறது, படத்தைச் சொல்லவில்லை. 'தேய்வழக்கு' க்ளீஷேவுக்கு. க்ளீஷேவும் அச்சகத்துச் சொல்தான் என்பது வேறு விஷயம்.

என் சொல் 'அச்சுவார்ப்பு'. 'அப்பனை அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறான்' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தச் சொற்கள்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. அச்சு என்றதும் 'யாருடைய அச்சு?' என்று கேட்கத் தோன்றும். அங்கதத்தில் அதுதானே சிக்கல். தொல்காப்பியம் அங்கதத்தில் ஒரு வகையைப் 'பழிகரப்பு' என்கிறது, பழியை மறைத்து வைப்பது. மறைத்து வைத்த பழி யார் மேல்? கொரியப் போர் ராணுவ மருத்துவமனையைப் பற்றிய மாஷ் படத்தில் (1970) தலைமைச் செவிலி மார்கரெட் ஹூலிஹன் குளிக்கும்போது, உடன் வேலை செய்பவர்கள் கூடாரத் துணியைத் தூக்கிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அப்படி வேடிக்கை பார்ப்பவர்களைப் படம் கேலி செய்கிறதா, நம்மையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறதா? இரண்டாவது என்பேன். 1972இல் தொடங்கி 11 பருவங்கள் ஓடிய தொலைக்காட்சித் தொடரில் அதே மார்கரெட்டின் 'ஹாட் லிப்ஸ்' என்ற பட்டப்பெயர் மெல்ல மெல்ல உதிர்ந்து, ஆளாக மாறினாள். 'ஒரே மாதிரி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தை எப்படி எழுதுவது? அச்சு உடைந்தது என்று எழுதலாம்.

'அச்சுவார்ப்புப் பெண்பாத்திரம்' நீளம் என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். நீளம்தான். பேச்சில் நானும் ஸ்டீரியோடைப் என்றே சொல்லிவிடுகிறேன். 'ஒரே மாதிரி' மட்டும் வாயில் வருவதில்லை.