பாட்டை வெளியிட முதல் ஒரு கடதாசி எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். நாட்டார் மெட்டில் புதுப்பாட்டுச் செய்யும் பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்கள். எந்த மைக், மிக்சிங்குக்கு எவ்வளவு என்றெல்லாம் தெளிவாகக் கேட்பார்கள். "பாட்டு ஆருடையது?" என்று நான் திருப்பிக் கேட்டால்தான் பதில் இழுபடும். "நாட்டார் பாட்டுத்தானே அண்ணை, ஆரிட்டக் கேக்கிறது?"

அப்படி விட்டுவிட முடியாது. நீங்கள் எழுதிய புது வரிகள் எழுதிய உடனேயே உங்களுடையவை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அதற்கு எங்கும் போய்ப் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமை நிற்கும். ஆனால் பழைய மெட்டு உங்களுடையதாகிவிடாது. நாட்டார் கலைகளுக்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. வணிக நோக்கில் எடுத்தாள்வதை அது கட்டுப்படுத்துகிறது. எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த ஊரிலிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிடுவதும் அதில் வருகிறது. ஆகவே 'பாரம்பரியப் பாடல்' என்று மொட்டையாகப் போடாதீர்கள். வடமராட்சி கிழக்குக் கரைவலைத் தொழிலாளரின் அம்பாப் பாட்டு என்றால் அப்படியே எழுதுங்கள்.

அம்பா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கிளிக் (காதில் ஒரே வேகத்தில் தாளம் எண்ணும் ஒலி) போட்டுப் பதிய வேண்டாம், இது என் பிடிவாதம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வலையை இழுத்தபடி வாங்கிப் பாடுவது அது. இழுவையின் பாரத்தோடு வேகம் கூடிக் குறையும். கடலில் தொழில் செய்த ஐயா ஒருவரைக் கதிரையில் இருத்திப் பாடச் சொன்னால் சுரம் சரியாக இருக்கும், பாட்டு இராது. எழுந்து நின்று, கயிறு பிடித்த கையோடு பின்னுக்குச் சாய்ந்தால்தான் மூச்சு விழவேண்டிய இடத்தில் விழும். மைக்கை மூன்றடி தள்ளி வைத்து, பின்பாட்டுக்காரரையும் அதே அறையில் நிறுத்திப் பதிவேன். பறையை அப்புறம் அந்த வேகத்துக்கு வாசிக்கலாம்.

வெளியிட முதல் உங்களுக்குள் ஓர் உடன்படிக்கைக் கடதாசி எழுதுங்கள். அந்த ஐயாவின் பெயரும் அதில் வரவேண்டும். வரி யார், மெட்டமைப்பு யார், வாசித்தவர் யார், பதிவுக்குக் காசு போட்டவர் யார், வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம். ஒரு பக்கம் போதும், எல்லோரும் கையெழுத்து வையுங்கள். பாட்டு ஓடாதவரை எல்லோரும் அண்ணன் தம்பிதான். கனடாவில் யாரோ விளம்பரத்துக்குக் கேட்டால்தான் கணக்குத் தொடங்கும்.

அடுத்தது லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த ஒலித்துண்டு. இணையத்தில் இறக்கிய தாள லூப்பை உலகத்தில் பலர் பாவிப்பார்கள். அவர்களில் ஒருவர் யூரியூப்பின் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) தன் பாட்டைப் போட்டுவிட்டால், உரிமைக் கோரிக்கை உங்கள் பாட்டுக்கு வரும். அப்படியான பொது லூப்பை வைத்து அங்கே பதிவதையே யூரியூப் அனுமதிப்பதில்லை. ஊரில் உடுக்கு வாசிக்க ஆள் இருக்கும்போது லூப் எதற்கு?

பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தையும் ஒருமுறை முடிவு செய்து மாற்றாமல் வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்து மாறினால் ஸ்பொட்டிஃபையில் நீங்கள் இரண்டு மூன்று பாடகர்களாகிவிடுவீர்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அவர்களின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்பிவிடுங்கள். காசைப் பற்றி அதிகம் எண்ண வேண்டாம்: 2024இலிருந்து, கடந்த 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒரு சதமும் இல்லை.

கடைசிக் காசைக் கொடுக்க முதல், எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சுருக்காத முழுத்தர மாஸ்டர் வேவ் கோப்பையும், குரல், வாத்தியம் என்று தனித்தனி டிராக்குகளையும் கேட்டு வாங்குங்கள். என்னிடமும்தான்.