டைட் எண்ட் வீரரின் முழங்கால்: பெற்றோர் அறிய வேண்டியவை

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் வீரருக்கு இரட்டை வேலை: ஒரு முறை எதிரணித் தடுப்பாளரை முட்டி மறிக்க வேண்டும், அடுத்த முறை ஓடிப்போய்க் குவாட்டர்பேக் வீசும் பந்தைப் பிடிக்க வேண்டும். அவரைத் துரத்தும் லைன்பேக்கருக்கு (நடுவரிசைத் தடுப்பாளர்) வேகம் போதாது, சேஃப்டிக்கு (கடைசி வரிசைத் தடுப்பாளர்) உடற்கட்டு போதாது என்பதால்தான் தாக்குதல் வியூகங்கள் அவரை இவ்வளவு நம்புகின்றன. 2020 பருவத்தில் டைட் எண்ட் வீரர் டிராவிஸ் கெல்சி பந்தைப் பிடித்து 1,416 யார்டு எடுத்தார். கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடிய அன்டோனியோ கேட்ஸ், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல். லீகில் டைட் எண்டாக ஆடி 116 டச்டவுன்களை (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) பிடித்தார். உயரமான கூடைப்பந்துப் பிள்ளைகளைப் பயிற்சியாளர்கள் இந்த இடத்துக்கு அழைப்பதில் வியப்பில்லை.

விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாக என் கவலை, பந்து கைக்கு வந்த அடுத்த நொடியைப் பற்றியது. கண் பந்தின் மீது இருக்க, ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடலை மார்பில் மோதிச் சாய்ப்பது கடினம் என்பதால் தடுப்பாளர் காலைக் குறிவைக்கிறார். ஊன்றிய கால் விலக இடமில்லாமல் முழங்கால் உள்நோக்கி மடங்கும்போது முழங்காலை உள்ளிருந்து நிலைநிறுத்தும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிகிறது. 2013 டிசம்பரில் டைட் எண்ட் வீரர் ராப் கிரான்கவ்ஸ்கிக்கு நடந்தது இதுதான். தலையில் மோதினால் தண்டனை என்ற விதி, அடியைக் கீழே இறக்கிவிட்டது என்ற விவாதமும் அப்போது எழுந்தது. அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். 2023 நவம்பரில் மற்றொரு டைட் எண்ட் வீரர் மார்க் ஆண்ட்ரூஸின் கணுக்கால் காயத்துக்குக் காரணமான, இடுப்பைப் பிடித்துத் தொங்கி ஓடுபவரின் கால்மேல் விழும் டேக்கிளை என்.எஃப்.எல். 2024 மார்ச்சில் தடைசெய்தது.

என்னிடம் வரும் பள்ளி வீரர்கள் பலர், பிளாக்கிங்குக்காக, அதாவது எதிராளியை முட்டி மறிப்பதற்காக, ஒரே கோடையில் எடையை ஏற்றிவிட்டு, அந்த எடையோடு சட்டென்று நிற்கவும் திரும்பவும் பழகாதவர்கள். ஒற்றைக் காலில் குதித்து இறங்கச் சொன்னால் முழங்கால் உள்ளே சாய்வது கண்ணுக்கே தெரியும். தொடை, பிட்டத் தசைகளை வலுப்படுத்தி அதைச் சரிசெய்த பிறகே எடையைக் கூட்டுவது நல்லது.

ஜவ்வு அறுவை சிகிச்சை ஆனவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மீண்டும் காயம்படும் வாய்ப்பு கூடுகிறது. அதன் பிறகும், காயம்பட்ட காலால் தாவும் தூரம் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்டாதவரை, பயிற்சியாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அனுமதிக் கடிதத்தில் நான் கையெழுத்திடுவதில்லை.