பிராக்கியூரி: குறுவால் மரபணு

சுண்டெலியின் கருவளர்ச்சியைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வரும் ‘பிராக்கியூரி’ என்பது, பிற மரபணுக்கள் எப்போது, எங்கே படியெடுக்கப்பட வேண்டும் (அதாவது, அவற்றிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ. என்ற படியாக எடுக்கப்பட வேண்டும்) என்பதை நெறிப்படுத்தும் ஒரு புரதத்துக்கும் அப்புரதத்தை ஆக்கும் மரபணுவுக்கும் பொதுவாக வழங்கும் பெயராகும். ‘டி மரபணு’ என்பதும் இதுவே.

கிரேக்கத்தில் ‘பிராக்கிஸ்’ என்றால் குறுகியது. ‘ஊரா’ என்றால் வால். நண்டுகளின் பிரிவொன்றுக்கு வழங்கும் ‘பிராக்கியூரா’ என்ற பெயரும் இவ்விரு சொற்களால் ஆனதே என்றாலும், அதற்கும் இம்மரபணுவுக்கும் வேறு உறவில்லை. பாரிசில் பணியாற்றிய ருசிய அறிவியலாளர் நதின் தொப்ரவோல்ஸ்கயா-சவத்ஸ்கயா, வால் குட்டையான சுண்டெலிகளில் தலைமுறைதோறும் தொடர்ந்த ஒரு மரபுப் பிறழ்வை 1927இல் விவரித்தார்; பெயர் அந்தக் குட்டை வாலிலிருந்து பிறந்தது. மரபணுவைத் தனித்துப் பிரித்து அறிந்ததோ 1990இல்தான். ஆக, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது ஒரு குறையின் பெயராகவே இருந்தது. மரபியலில் இது வழக்கமானதே: ஒன்று பழுதுபட்டால் என்ன நேர்கிறது என்பதே முதலில் கண்ணில் படுவதால், செய்யும் வேலைக்கு நேர்மாறான பெயர் பல மரபணுக்களுக்கு நிலைத்துவிடுகிறது.

பெயர் வாலைச் சொன்னாலும் வேலை வாலோடு நிற்பதில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதானால் எலிக்கு வால் குறுகும். இரண்டும் பழுதானால், கருவின் முதுகுப்பக்கம் நெடுக அச்சுத்தண்டாக அமையும் முதுகுநாண் உருவாகாது, உடலின் பின்பாதி வளராது, கருவை நச்சுக்கொடியுடன் இணைக்கவேண்டிய திசுவும் சரியாக நீளாததால் ஏறத்தாழப் பத்தாம் நாளையொட்டிக் கரு இறந்துவிடும். சுண்டெலியின் கருக்காலம் பத்தொன்பது, இருபது நாள்தான் என்பதால், பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இயல்பான கருவில், உயிரணுக்கள் உள்நோக்கி நகர்ந்து, தசையும் எலும்பும் தோன்றும் நடு அடுக்கான இடைப்படலமாகும் ‘தொல்வரி’ என்ற பகுதியிலும், பின்னர் முதுகுநாணிலும் வால் அரும்பிலும் இம்மரபணு செயல்படுகிறது. இதன் புரதம் மரபிழையில் (டி.என்.ஏ.) இருபது எழுத்து நீளமுள்ள, ஏறத்தாழ மாலைமாற்றாக அமைந்த ஒரு தொடரைப் பற்றிக்கொள்வதை 1993இல் காட்டிய பிறகே, இது படியெடுத்தலை நெறிப்படுத்தும் புரதம் என்பது உறுதியானது. மரபிழையைப் பற்றும் இதே பகுதியைக் கொண்ட பல புரதங்கள் பின்னர் அறியப்பட்டு, ‘டி-பாக்ஸ்’ குடும்பம் எனப் பெயர் பெற்றன. இதயத்தையும் முன்னங்கால்களையும் உருவாக்குவதில் பங்குகொள்ளும் டிபிஎக்ஸ்5 அவற்றுள் ஒன்று.

தமிழில் எப்படிச் சொல்வது? மரபணுவைப் படியெடுப்பதைக் குறிக்கும் ‘டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்பதற்கு ‘எழுத்துப்பெயர்ப்பு’ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அது ஒரு மொழியின் சொல்லை வேறு மொழியின் எழுத்தில் எழுதுவதைக் குறிக்கும். மூலம் இருந்த இடத்தில் இருக்க, அதிலுள்ளதை எழுத்துக்கு எழுத்து இன்னொன்றில் எடுப்பதே இங்கு நடப்பது. கல்வெட்டையும் ஏட்டையும் பொறுத்து நாம் வழங்கும் ‘படியெடுத்தல்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. எனவே இவ்வகைப் புரதத்தைப் ‘படியெடுப்பு நெறிப்படுத்தி’ எனலாம். ‘படியெடுத்தல் காரணி’ என்பதும் தவறன்று, ஆனால் ‘காரணி’ என்ற சொல் அப்புரதம் செய்யும் வேலையைச் சொல்வதில்லை.

பிராக்கியூரிக்குக் ‘குறுவால் மரபணு’ என்பதே நேரான பெயர். ‘வாலாக்கி’ என்று வேலையை வைத்துப் பெயரிடும் ஆசை எழலாம். அது முதுகுநாணையும் இடைப்படலத்தையும் விட்டுவிடுவதோடு, மனிதரிடத்தில் முற்றிலும் இடறும். வாலில்லாத நம் உடலிலும் ஆறாம் நிறப்புரியில் (குரோமோசோம்) இதே மரபணு உண்டு. முதுகுநாணின் எச்சத்திலிருந்து எழும் ‘கார்டோமா’ என்ற அரிய புற்றுநோயை இனங்காண நோய்க்குறியியலாளர் தேடுவது இதன் புரதத்தைத்தான்.