ஸிப் விழுங்கிய சேலை

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் புடவைக்கடை ஒன்றுக்கு, விலைத்துண்டு அச்சடிக்கும் சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு பட்டியலில் 40 சேலைகள், இன்னொன்றில் அவற்றின் விலைகள். பைதன் நிரல்மொழியின் ஸிப் என்ற செயற்கூறு இரண்டையும் கோத்துத் தந்தது. அச்சில் வந்ததோ 39 துண்டுகள்தான். பிழைச்செய்தி எதுவுமில்லை. விலைப் பட்டியலின் நடுவில் நான் ஒரு வரியைத் தவறவிட்டிருந்தேன். ஒரு துண்டு குறைந்ததைவிடப் பெரிய வில்லங்கம், அந்த வரிக்குக் கீழிருந்த ஒவ்வொரு சேலையும் அடுத்த சேலையின் விலையைச் சுமந்து நின்றதுதான்.

இது ஸிப்பின் பழுதல்ல. 2000இல் பைதன் 2.0உடன் வந்த நாளிலிருந்தே அதன் இயல்பு இதுதான். காற்சட்டை ஸிப்பைப் போல இரு பக்கமும் ஒவ்வொரு பல்லாக எடுத்துப் பூட்டும். ஒரு பக்கம் தீர்ந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

மிச்சமும் வேண்டுமென்றால் பைதனின் இட்டர்டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பில் ஸிப்_லாங்கஸ்ட் இருக்கிறது. குறைகிற இடத்தில் நன் என்ற வெற்று மதிப்பையோ, ஃபில்வேல்யூ வழியாக நாம் சொல்லும் மதிப்பையோ வைக்கும். ஆனால் நிரப்புவது கடைசியில் மட்டுமே. நடுவில் வழுக்கிய என் விலைகளை அது சரிசெய்திருக்காது.

எனக்கு அன்று தேவைப்பட்டது 2021இல் பைதன் 3.10இல் வந்த, ஸிப்புக்குக் கொடுக்கும் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்ற தெரிவு. நீளம் ஒத்துவராவிட்டால் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பும். அதுவும் முன்கூட்டியே நீளத்தை அளப்பதில்லை. ஒரு பக்கம் தீரும்போதுதான் கண்டுபிடிக்கும். சுழற்சிக்குள் ஒவ்வொன்றாக அச்சடித்தால், பிழை வருமுன் பிழையான துண்டுகள் வெளியே வந்திருக்கும். ஆகவே முதலில் முழுவதையும் லிஸ்ட்டாக்கி, அப்புறம் அச்சடிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸிப் எப்போதும் இடமிருந்து வலமாகக் கேட்கும். பட்டு, பருத்தி, வொயில், ஜோர்ஜெட் என்று நான்கு சேலைகள் ஓர் இட்டரேட்டரில், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தந்து, தந்ததைத் திரும்ப வாங்காத ஒன்றில், வருகின்றன. விலைகள் இரண்டே என்று வையுங்கள். இரண்டு இணைகள் முடிந்ததும் மூன்றாம் தடவை வொயிலை எடுத்துவிட்டுத்தான் விலையைக் கேட்கும். விலை இல்லை, நின்றுவிடும். கையில் எடுத்த வொயில் திரும்பிப் போகாது. அதே இட்டரேட்டரில் அடுத்ததைக் கேட்டால் ஜோர்ஜெட்தான் வரும்.

சாதாரண லிஸ்ட்டில் இது தெரியாது, லிஸ்ட் அப்படியே இருக்கும். கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கும்போதுதான் ஒரு வரி காணாமல் போகும். விலைகளை இடப்பக்கம் வைத்தால் ஸிப் முதலில் அங்கேயே கேட்டு, இல்லையென்று தெரிந்து, வொயிலைத் தொடாமலே நின்றுவிடும்.