மாகாணி வெளிச்சம்

இருட்டில் மின்னும் எதையும் நாம் ‘ரேடியம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆட்டோவின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் ரேடியம். பிள்ளைகளின் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரமும் ரேடியம். இவை எதிலும் ரேடியம் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் கைக்கடிகார டயலில் பூசியது அசல் ரேடியமேதான். பழைய, விலை உயர்ந்த கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் இன்றும் முதலில் கண் வைப்பது இந்த மினுங்கும் பூச்சின் மேல்தான். ஒரு கடிகாரம் எப்போது செய்யப்பட்டது, அதில் எதை எப்போது மாற்றினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாட்சி குறைவு.

போன மாதம் சிங்கப்பூர் யீஷூனில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1974-இல் ஹை ஸ்திரீட்டில் தவணை கட்டி வாங்கிய டியூடர் சப்மரீனர் கைக்கடிகாரத்தைக் கடைசி வரை கையிலிருந்து கழற்றாதவர். இப்போது அது அவர் மகனிடம் இருக்கிறது. “அண்ணே, இதுக்கு இப்ப என்ன விலை போகும்? விக்கிறதுக்கு இல்ல, தெரிஞ்சுக்கத்தான்” என்றான். ஒரு கடையில் காட்டியிருக்கிறான். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, “முள் மாறியிருக்கு” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம்.

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று காட்ட அறையை இருட்டாக்கினோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முழு இருட்டு லேசில் கிடைக்காது. நடைபாதை விளக்கு கதவிடுக்கு வழியாக வந்துவிடும். துண்டைச் சுருட்டிக் கதவடியில் வைத்தோம். புற ஊதா டார்ச்சை டயல் மேல் ஐந்து நொடி பிடித்து அணைத்தேன். டயலில் இருந்த மணிக் குறிகள் மங்கலாக ஒளிர்ந்து, ஓரிரு நொடியில் அவிந்துபோயின. இரண்டு முட்கள் மட்டும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டே இருந்தன.

“முள்ளு நல்லா எரியுதே அண்ணே, நல்லதுதானே?”

நல்லதில்லை. ஏன் என்று சொல்ல, அந்தப் பூச்சுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பழைய பூச்சில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று துத்தநாக சல்பைடு. அடி பட்டால் ஒளி விடும் படிகம். மற்றொன்று அதை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் கதிரியக்கப் பொருள். அதிலிருந்து பறந்து வரும் துகள் படிகத்தில் மோதும்போது, அங்குள்ள எலெக்ட்ரான் மேலே எகிறி, திரும்பக் கீழே விழும். விழும்போது வாங்கிய ஆற்றலைப் பச்சை வெளிச்சமாகக் கக்கும். வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், இரவு முழுக்க எரியும்.

முதலில் அந்த அடிக்கும் வேலையை ரேடியம் செய்தது. கியூரி தம்பதியர் அதை 1898-இல் கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது டயலுக்கு வந்துவிட்டது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. 60 ஆண்டு ஆன டயலில் போட்ட ரேடியத்தில் 97 விழுக்காடு அப்படியே இருக்கும். ஆனால் அந்த டயல் இன்று இருட்டில் செத்துக் கிடக்கும். ரேடியம் விடும் ஆல்ஃபா துகள் கனமானது. அது அடித்து அடித்துப் படிகமே நொறுங்கிப்போயிருக்கும். ஒளி போய்விட்டது, கதிர்வீச்சு போகவில்லை. 1920-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்குப் பூச்சு தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து வைத்து எடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். அதனால் ரேடியம் டயல் உள்ள கடிகாரத்தை ஆசைக்காகக்கூட வீட்டில் திறக்காதீர்கள். உதிரும் பொடி மூச்சோடு உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை.

1960-களில் அந்த இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. அது ஹைட்ரஜனின் கனமான வடிவம். அது விடும் எலெக்ட்ரான் மிகவும் பலவீனமானது. கடிகாரக் கண்ணாடியைத் தாண்டாது. கதிர்வீச்சைக் கண்டறியும் கைகர் கருவியை மூடிய கடிகாரத்தின் மேல் வைத்தால், ரேடியம் டயல் படபடவென்று சத்தம் எழுப்பும், டிரிட்டியம் டயல் வாயே திறக்காது. ஆனால் டிரிட்டியத்தின் அரை ஆயுள் வெறும் 12.3 ஆண்டு. இந்தக் கணக்கைச் சொல்ல நம் பழைய பின்ன வாய்ப்பாடு போல வசதியானது வேறில்லை. பெரியப்பாவின் டயலில் 1974-இல் இருந்த டிரிட்டியம் 1986-இல் அரை, 1998-இல் கால், 2011 வாக்கில் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. இப்போது மாகாணிக்கும் கீழே, அதாவது பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. படிகமும் கூடவே தேய்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதைவிடக் குறைவு. டார்ச் அடித்தால் சட்டென்று விழித்துச் சட்டென்று தூங்கிவிடும்.

1998 வாக்கில் ஸ்விஸ் கம்பெனிகள் பலவும் டிரிட்டியத்தையும் விட்டுவிட்டு, ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் உருவாக்கிய லூமினோவா வகைப் பூச்சுக்கு மாறின. அது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். கதிரியக்கம் துளிகூடக் கிடையாது. எகிறிய எலெக்ட்ரான்கள் விழுந்து மாட்டிக்கொள்ளப் படிகத்துக்குள் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சுற்றியுள்ள சாதாரணச் சூடே அவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ள, வெளிச்சம் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வெயில் குடித்து இரவில் கக்கும் பொருள் இது. 1974-இல் இது உலகத்திலேயே இல்லை.

அப்படியானால் பெரியப்பாவின் முட்களுக்கு வயது அதிகம் போனால் முப்பது ஆண்டு சொச்சம்தான். எப்போதோ சர்வீஸுக்குக் கொடுத்தபோது, கடையில் பழைய முட்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அன்றைக்குக் கடிகாரம் நன்றாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பழையதைத் திருப்பிக் கொடுக்காததுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

டயல் அசலா என்பதை அடிப்பாகத்து எழுத்திலும் பார்த்தோம். 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, ‘டி ஸ்விஸ் டி’ என்று எறும்பளவில் இருந்தது. அந்த ‘டி’ டிரிட்டியத்தைக் குறிக்கும். சிலவற்றில் ‘ஸ்விஸ் டி<25’ என்று இருக்கும். கதிரியக்கம் 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்று பொருள். 1970-களின் கடிகாரம் என்று சொல்லி, மினுங்கும் டயலில் வெறும் ‘ஸ்விஸ் மேட்’ இருந்தால் அந்த டயல் பின்னால் வந்தது என்று சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முள்ளின் நிறமும் டயலின் நிறமும் கொஞ்சம் வேறுபடுவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் வெவ்வேறு பட்டறைகள் செய்தன. ஒரே வயதிலும் ஒன்று பழுப்பாகும், ஒன்று வெளிறும். நிறத்தைவிட எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதே நம்பகமானது.

போலி செய்பவர்களும் இதையெல்லாம் அறிந்தவர்கள்தான். பூச்சில் காப்பி நிறம் கலந்து வயதை வரவழைப்பார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புதுப் பூச்சு விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும், எல்லா மணிக் குறியிலும் ஒரே சீராகப் பழுத்திருக்கும். இயற்கை அப்படிச் சீராகப் பழுக்க வைப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1960-களின் நடுப்பகுதி வரை வந்த கறுப்பு ‘கில்ட்’ டயலில்தான். அதில் தங்க நிறத்தில் மின்னும் எழுத்து கறுப்பின் மேல் அச்சடித்தது இல்லை. பித்தளைத் தகட்டில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு, மீதியைக் கறுப்பாக்கி, அப்புறம் மறைப்பை நீக்குவார்கள். நாம் பார்ப்பது அடியிலிருக்கும் பித்தளை. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து கறுப்புக்குள் பள்ளத்தில் கிடக்கும். மறுபூச்சுச் செய்த டயலில் அது மேட்டில் நிற்கும். மும்பையில் மறுபூச்சுச் செய்யப்பட்டு சந்தைக்கு வரும் டயல்களில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் மணிக் குறியோடு சேராமல் விலகி நிற்பதையும் பார்க்கலாம். 2017 ஜூலையில் மூடப்படும் வரை சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் இப்படிப்பட்டவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் என் கண் பழகியது.

இத்தனை பாடும் ஏன் டயலுக்கு? விலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவர் கட்டியிருந்தது என்பதற்கே அந்த விலை. ஆனால் அதே வகை டயல் உள்ள மற்ற டேட்டோனாக்களும், சாதாரண டயல் உள்ளவற்றைவிடப் பல மடங்கு விலை போகின்றன. எஃகு ஒன்று, இயந்திரம் ஒன்று. டயல் மட்டும் வேறு. புதிதாக விற்ற காலத்தில் அந்த டயலை வாங்க ஆள் குறைவு. அரிதானதற்கு அதுவே காரணம்.

கடிகாரத்தின் உலோகக் கூடான கேஸைப் பற்றிச் சுருக்கமாக: பாலிஷ் போடாதீர்கள். ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைச் சீவி எடுக்கிறது. கூரான ஓரம் ஒருமுறை மழுங்கினால் போனதுதான். தேக்கா கடைகளில் 916 (22 காரட்) தங்க நகையை மெருகேற்றி வாங்கிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். கீறலோடு விடுவதே இங்கே மரியாதை.

சிங்கப்பூரில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். சாவி கொடுக்கும் குமிழின் அடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் ஈரம் உள்ளே போய், டயலில் புள்ளி விழும், பூச்சு பொடியாகும். கேமராவை ஈரம் படாமல் வைக்கும் ட்ரை கேபினட் பெட்டி கடிகாரத்துக்கும் பொருந்தும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘டயலைத் தொடாதே, பாலிஷ் வேண்டாம், கழற்றிய எதையும் திருப்பிக் கொடு’ என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்தக் காலத்து முள்ளா தேடி வாங்கி மாட்டிரலாமா?” என்றான். மாட்டினால் விலை ஏறும், உண்மைதான். ஆனால் அது வேறு யாரோ கட்டிய கடிகாரத்தின் முள். பெரியப்பா கடைசிப் பத்து இருபது வருடம் மணி பார்த்தது இந்தப் புது முட்களில். விற்கிற எண்ணம் இல்லையென்றால் அப்படியே விடு, மாற்றியதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வை என்றேன். அவன் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, கீழே இறங்க லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நடைபாதை விளக்கு ஒன்று எரியவில்லை. அவன் கையில் மணி எட்டே முக்கால் பச்சையாகத் தெரிந்தது.